சூலைக்குச் செய்யும் கைம்மாறு

(சித்திரைச் சதயத்தன்று, அப்பர் சுவாமிகள் குருபூசைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதம் நமது சங்கத்துச் செயலாளர் தம்பி, இரண்டு இளைஞர்களை அழைத்துக்கொண்டு வெள்ளவத்தையிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். வீடு என்றால் தொடர்மாடியில் நான்காம் மாடி. அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க ஏறி வந்த பிள்ளைகளை இருத்தித் தண்ணீர் கொடுத்தோம். அப்பர் சுவாமிகள் குருபூசையன்று நான் பேசவேண்டும் என்றார்கள், சம்மதித்தேன். அறிவித்தலில் தலைப்பு என்ன போடுவது என்று கேட்டார்கள், சொன்னேன். பிறகு செயலாளர் தம்பி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஐயா, உங்கள் பெயருக்குக் கீழே என்ன போடுவது?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அக்கேள்வியைக் கேட்டிருந்தால், பெயருக்குக் கீழே மூன்று வரி சொல்லியிருப்பேன். மூன்றும் போதாதென்று நாலாவதும் நினைவுக்கு வந்திருக்கும். அன்று நான் வாய் திறவாமல் இருந்த அந்தச் சிறுபொழுதைப் பற்றியே இன்று பேசலாமென்று நினைக்கிறேன். அப்பர் சுவாமிகளை விட்டு எங்கோ போகிறேன் என்று எண்ணவேண்டாம். சுற்றிப் போனாலும் திருவதிகைக்குத்தான் வந்து சேருவோம்.

வெள்ளவத்தைத் தெருக்களில் மாலை வேளையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தொடர்மாடிகளின் வாயிலிலே பெயர்ப்பலகைகள் இருக்கும். இன்னார், இளைப்பாறிய அதிபர். இன்னார், இளைப்பாறிய கணக்காளர். இன்னார், இளைப்பாறிய பொறியியலாளர். 'இளைப்பாறிய' என்ற நமது இலங்கைத் தமிழ்ச் சொல் எவ்வளவு அருமையான சொல்! களைப்புத் தீர்ந்தவர், ஆறி அமர்ந்தவர் என்பது அதன் பொருள். ஆனால் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் பேசிப் பாருங்கள். தாம் இருந்தபோது கந்தோர் எப்படி இருந்தது, தமக்குப் பின் வந்தவன் அதை எப்படிக் கெடுத்தான் என்று தொடங்கிவிடுவார்கள். பலகையில் இளைப்பாறியவர், மனத்தில் இளைப்பாறவில்லை. நான் பிறரைக் கேலி செய்வதாக யாரும் நினைக்கவேண்டாம். என் வீட்டுப் பலகையையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி நாயனாரிடம் வருவோம்.

திருநாவுக்கரசர் புராணத்தைச் சேக்கிழார் பெருமான் 429 பாடல்களில் பாடியிருக்கிறார். திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த மருள்நீக்கியார் இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். அவருடைய தமக்கை திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டுபோனார். தாமும் உயிர்விடத் துணிந்த அந்த அம்மையார், தம்பி தனித்துப் போவானே என்பதற்காக உயிர் தரித்திருந்தார். தம்பியோ வளர்ந்து, தண்ணீர்ப்பந்தலும் அறச்சாலையும் வைத்து அறம் செய்து, உலகத்து நிலையாமையை எண்ணி, சமண நெறியை நாடிப் பாடலிபுத்திரத்துக்குப் போய்விட்டார்.

பாடலிபுத்திரம் என்றால் வடநாட்டுப் பாட்னா அன்று. இன்று கடலூரோடு சேர்ந்திருக்கும் திருப்பாதிரிப்புலியூர். அங்கே இருந்த சமணப் பள்ளி சாமானியமானதன்று. உலக அமைப்பைப் பற்றிய லோகவிபாகம் என்னும் சமண நூல் கி.பி. 458இல் அவ்வூரிலே எழுதப்பட்டதென்று அந்நூலின் வடமொழி வடிவம் கூறுகிறது. அப்பர் காலத்துக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அது ஒரு பெரிய கல்விக்கூடம். அத்தகைய இடத்திலே நூல்களெல்லாம் கற்று, பௌத்தரை வாதில் வென்று, தருமசேனர் என்னும் பட்டம் பெற்றுத் தலைமை இருக்கையில் அமர்ந்தார் மருள்நீக்கியார். நாம் புராணம் படிக்கும்போது இந்தப் பகுதியை விரைவாகத் தாண்டிவிடுகிறோம். அது சரியன்று. அவர் விட்டு வந்தது அற்பமான பொருள் என்று நினைத்தால், விட்டதன் அருமை நமக்குத் தெரியாது. அது அவர் தம் அறிவாலும் உழைப்பாலும் நேர்மையாகச் சம்பாதித்த பெருமை. சமண சமயத்தைக் குறை சொல்வதும் என் நோக்கமன்று. நமது தமிழுக்கு அவர்கள் செய்த தொண்டு பெரிது. நான் பார்ப்பது அந்த இருக்கையை மட்டுமே.

அந்த இருக்கையில் இருந்தவரைச் சூலை நோய் பற்றியது. குடலைப் பிடித்து முறுக்கும் வலி. மந்திரம் ஓதினார்கள், மயிற்பீலியால் தடவினார்கள், பயனில்லை. சமையற்காரனை ரகசியமாகத் தமக்கையிடம் அனுப்புகிறார். "நான் அங்கே வரமாட்டேன்" என்று சொல்லியனுப்பிவிடுகிறார் திலகவதியார். தம்பிக்காக உயிரையே தாங்கியிருந்தவர், தம்பி வலியால் துடிக்கும்போது வரமாட்டேன் என்கிறார்! எத்தனை தாய்மாருக்கு இந்த உறுதி வரும்? வந்திருந்தால் அவர் தருமசேனரைத்தான் பார்த்திருப்பார். அவருக்கு வேண்டியது தம்பி.

அன்றிரவு தருமசேனர் எழுந்தார். உடுத்திருந்த பாயை விட்டார். உறியில் தூக்கிய குண்டிகையை விட்டார். மயிற்பீலியை விட்டார். மூன்றையும் சேக்கிழார் தனித்தனியே எண்ணிச் சொல்கிறார். வெள்ளாடை உடுத்து, வழி காட்டுவோர் கையைப் பற்றிக்கொண்டு, ஒருவரும் அறியாமல் இருளிலே திருவதிகைக்கு நடந்தார். தமக்கையின் காலில் விழுந்தார். அம்மையார் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. "நான் அப்போதே சொன்னேனே" என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திருநீறு கொடுத்தார். விடியுமுன் திருவலகும் சாணமும் எடுத்துக்கொண்டு, தாம் நாள்தோறும் கோயில் கூட்டப் போகிறபோது தம்பியையும் அழைத்துப் போனார். வாதில் வென்ற தலைவருக்குக் கிடைத்த துணை ஒரு துடைப்பம்! அங்கே, வீரட்டானத்து இறைவன் திருமுன்னிலையிலே, முதற் பதிகம் பிறந்தது. நான்காம் திருமுறையின் தொடக்கத்திலே இன்றும் நாம் ஓதுவது அதுவே. சூலை நீங்கியது.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. அடுத்து வருவதுதான் நான் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற இடம். நோய் நீங்கியவுடன் நாயனார் என்ன நினைத்தார்? இறைவனுக்கு நன்றி சொன்னார், அது இயல்பு. தமக்கையாருக்கு நன்றியுடையவராக இருந்தார், அதுவும் இயல்பு. ஆனால் சேக்கிழார் இன்னொன்றையும் சொல்கிறார். இத்தகைய வாழ்வை நான் பெறும்படி செய்த இந்தச் சூலைக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன் என்று அவர் உருகினாராம். நோய்க்குக் கைம்மாறு! உலகத்திலே மருத்துவருக்கு நன்றி சொன்னவர் உண்டு. மருந்துக்கு நன்றி சொன்னவர் உண்டு. குடலை முறுக்கிய வலிக்கு நன்றிக்கடன் பட்டதாக நினைத்தவரை வேறெங்கே பார்த்தோம்?

இப்போது என் கதையையும் கொஞ்சம் கேட்கவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1964ஆம் ஆண்டு, எனக்குப் பதினெட்டு வயது. பாடசாலைப் போட்டியில் 440 யார் ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன். ஒரு வெள்ளிக் கிண்ணம் தந்தார்கள். பிறகு வங்கியில் உத்தியோகம், கல்யாணம், பிள்ளைகள், வெள்ளவத்தையில் ஒரு சிறு வீடு. கிண்ணம் எப்போதும் முன்னறை அலுமாரியில் இருந்தது. 1983ஆம் ஆண்டு ஜூலை 25, திங்கட்கிழமை, அந்த வீடு எரிந்தது. நாங்கள் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணியின் சமையலறையில் ஒளிந்திருந்தோம். இரவு ஆனதும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமுக்குப் போனோம். அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு. சில வாரங்களின் பின் நான் தனியே வந்து சாம்பலைக் கிளறினேன். மனைவியின் தாலிக்கொடி அவள் கழுத்திலேயே இருந்தது. பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். நான் தேடியது அந்தக் கிண்ணத்தை. பாதி உருகி நசுங்கிய ஒரு கட்டியாக அது கிடைத்தது. அதைத் துணியில் சுற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தேன்.

வைத்திருந்தது அலுமாரியில் மட்டுமா? வந்தவர் போனவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுவேன். கல்யாண வீடுகளில் அந்தக் கதை. என் மகன் தன் பரீட்சைப் பெறுபேற்றைக் கையில் கொண்டுவந்து நின்ற அன்றுகூட, நான் 1964ஐப் பற்றியே பேசினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்துக்கொண்டு உள்ளே போனான். அந்த மடிப்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

2015ஆம் ஆண்டு பாரிசவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. வைத்தியசாலையில் ஒரு இளம்பெண் இயன்மருத்துவம் செய்ய வந்தாள். பெயர் கேட்டாள். நான் பெயரைச் சொல்லி, உடனே 440 யார் ஓட்டத்தையும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு, "நல்லது ஐயா, இன்றைக்குச் சுவர் வரைக்கும் போவோம்" என்றாள். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே எட்டடி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. காலை அசைக்க மாட்டேன் என்று விட்டேன். மூன்று நாள் அப்படியே கிடந்தேன். பிறகுதான் மெல்ல மெல்ல விளங்கியது: என்னைக் கட்டிலோடு பிணைத்து வைத்திருந்தது பாதி நோய், பாதி அந்தக் கிண்ணம். ஓடியவனுக்கு எட்டடி அவமானமாகத் தெரிந்தது. ஓடாத ஒருவன் என் கட்டிலில் கிடந்திருந்தால், அவன் அந்த எட்டடியை ஆசையோடு நடந்திருப்பான்.

மாலைவேளைகளில் என் மனைவி பக்கத்திலிருந்து பெரியபுராணம் வாசிப்பாள். ஒருநாள், சற்று முன் நான் சொன்ன அந்த இடத்துக்கு வந்தாள். சூலைக்குக் கைம்மாறு என்ற சொல் காதில் விழுந்ததும் திரும்பவும் வாசிக்கச் சொன்னேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. சும்மா கிடந்து, அந்த 440 யாரை யார் ஓடினார்கள் என்று எண்ணத் தொடங்கினேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பிக் கஞ்சி வைத்துத் தந்த அம்மா. தம் சம்பளத்தில் எனக்குக் கன்வஸ் சப்பாத்து வாங்கித் தந்த ஒரு ஆசிரியர். மாலையில் மைதானத்தைப் பூட்டாமல் எங்களுக்காகக் காத்திருந்த காவற்காரர். இன்னும் ஒருவன், இரண்டாவதாக வந்தவன். ஆறு மாதம் நாள்தோறும் என்னோடு ஓடியவன் அவன். என் முதுகுக்குப் பின்னால் கேட்ட அவன் காலடியோசைதான் என்னை ஓடவைத்தது. அவன் மெதுவாக ஓடியிருந்தால் நானும் மெதுவாகவே ஓடியிருப்பேன். ஐம்பது ஆண்டுகளாக நான் ஒருவனே ஓடியதாக நினைத்திருந்த பந்தயத்தில் எத்தனை பேர் ஓடியிருக்கிறார்கள்!

செய்ந்நன்றியறிதல் என்று வள்ளுவர் ஒரு அதிகாரம் வைத்தார், அறத்துப்பாலில் பதினோராவது. 'நன்றி சொல்லுதல்' என்று அவர் பெயர் வைக்கவில்லை. பழந்தமிழிலே நன்றி என்றால் நன்மை. பிறர் செய்த நன்மையை அறிந்திருப்பது என்பதே அத்தொடரின் பொருள். வாயால் சொல்வது பிறகு வரலாம், வராமலும் போகலாம். முதலில் வேண்டியது அறிவு, கணக்குப் பார்க்கும் அறிவு. நான் வங்கிக் கணக்காளனாக இருந்தவன். நாற்பது ஆண்டுகள் பிறர் கணக்கைத் திருத்தினேன். என் கணக்கிலே வரவு முழுவதையும் என் பெயரிலேயே எழுதி வைத்திருந்தேன். அந்தப் பிழையைத் திருத்திய பிறகு கிண்ணத்தை விடுவது கடினமாக இருக்கவில்லை. முழுவதும் என்னுடையதல்லாத ஒன்றை நான் எதற்காக இறுக்கிப் பிடிப்பது?

அடுத்த நாள் அந்தப் பெண் வந்தபோது எட்டடி நடந்தேன். அதன் பின் பத்தடி. குழந்தை எண்ணுவதுபோல் எண்ணினேன். காலில் பழைய பலம் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். இதோ, கைத்தடி இங்கேதான் இருக்கிறது. இதை நான் தெளிவாகச் சொல்லவேண்டும். நன்றியுணர்வு வந்தால் மருந்து வேண்டாம் என்று யாராவது வீட்டுக்குப் போய்ச் சொன்னால், அந்தப் பாவம் என்னைச் சேராது. 2003ஆம் ஆண்டு எம்மன்ஸ், மெக்கலோ என்னும் இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஒரு சாராரைத் தங்களுக்குக் கிடைத்த நன்மைகளையும், இன்னொரு சாராரைத் தங்களுக்கு நேர்ந்த தொல்லைகளையும் எழுதி வரச் செய்தார்கள். நரம்புத்தசை நோயுள்ளவர்களைக் கொண்டு 21 நாள் நடத்திய பகுதியும் அதிலே உண்டு. நன்மைகளை எழுதிவந்த நோயாளர் மனநிறைவோடு இருந்தார்கள், நன்றாக உறங்கினார்கள் என்று கண்டார்கள். நோய் தீர்ந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. நேர்மையான ஆராய்ச்சி.

நமது தமிழிலே இதற்கு ஒரு சொல் இருக்கிறது. தீர்தல் வேறு, ஆறுதல் வேறு. பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது. பசித்தவன் பசியாறுகிறான், களைத்தவன் இளைப்பாறுகிறான், துன்பப்பட்டவன் ஆறுதல் அடைகிறான். எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல். என் நோய் முற்றாகத் தீரவில்லை, நான் ஆறினேன்.

கிண்ணத்துக்கு என்ன நடந்தது என்று சிறுவர்கள் கேட்பது முகத்திலேயே தெரிகிறது. கைத்தடியோடு நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் ஓட்டோவில் செட்டியார் தெருவுக்குப் போய், ஒரு நகைக்கடையில் அந்தக் கட்டியைக் கொடுத்தேன். உருக்கி வெள்ளியாக விற்றுவிடலாம் என்று எண்ணம். கடைக்காரர் உரைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இது வெள்ளியில்லை, மேலே முலாம், உள்ளே வேறு உலோகம்" என்றார். ஐம்பது ஆண்டு! தீயிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றிக் காத்த வெள்ளி! நான் சிரித்த சிரிப்பில் ஓட்டோச் சாரதி உள்ளே ஓடி வந்தார், எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று. பழைய இரும்புக்காரர் ஏதோ கொஞ்சம் காசு தந்தார். அதிலே சாரதியும் நானும் தேநீரும் வடையும் சாப்பிட்டோம். நல்ல வடை.

ஆனால் எல்லாம் இப்படிச் சிரிப்பாக முடியவில்லை. எங்களை ஒளித்து வைத்த அந்தப் பெண்மணியை நான் 'அக்கே' என்றுதான் கூப்பிடுவேன். சிங்களத்திலும் அது அக்காதான். அன்று அவர் வாசலில் நின்று, உள்ளே யாரும் இல்லை என்று கூட்டத்தினரிடம் சொன்னார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். கொழும்புக்குத் திரும்பி வந்த பிறகு நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. முதலில் ஒரு கூச்சம். பிறகு அந்தத் தெருவுக்குப் போனால் வீடு இருந்த இடத்தைப் பார்க்கவேண்டுமே என்ற வேதனை. பிறகு அவர்கள் வேறிடம் போய்விட்டதாகக் கேள்வி. இழந்ததை எண்ணிக்கொண்டிருந்த எனக்குப் பெற்றதை எண்ண நேரம் இருக்கவில்லை. 2017இல்தான் விசாரித்து, மனைவியோடு போனேன். அக்கே மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். மகள் தேநீர் தந்தார். "ஆடிவேல் காலி வீதியால் போகும்போதெல்லாம் அம்மா உங்களைப் பற்றிக் கேட்பார்" என்றார். நான் கொண்டுபோன பழத்தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அது சேரவேண்டிய கை வேறு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உண்மை பேசியவனாகமாட்டேன். சூலைக்கு நன்றி சொன்ன நாயனாரைப் போல, வீட்டை எரித்த தீக்கும் நன்றி சொல்லவேண்டுமா என்று யாராவது கேட்டால், என்னால் அது இயலவில்லை. இயலவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. இந்தச் சபையிலே வீட்டை மட்டும் இழக்காமல் பிள்ளைகளை இழந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் வந்து நன்றி பேசுவதற்கு எனக்கு என்ன தகுதி? நாயனார் தம் சூலைக்குத் தாமே நன்றி சொன்னார். பக்கத்தில் நின்ற எவரும் அவரிடம், "இந்த வலிக்கு நன்றி சொல்" என்று சொல்லவில்லை. திலகவதியாரும் சொல்லவில்லை, அவர் திருநீறுதான் கொடுத்தார். துன்பப்படுகிறவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் செய்யத்தக்கது அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இளைஞர்களே, இது கிழவர்களின் நோய் என்று நினைத்துவிடாதீர்கள். உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏ எடுத்துப் பத்திரிகையில் படம் வந்த பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் தவறியதும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு வயது இருபத்தொன்று. சுமந்தது பத்தொன்பதாம் வயதின் படத்தை. நமக்கு அயலிலேயே, வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷனைக் கடந்து போகும்போதெல்லாம் விபுலானந்த அடிகளாரை நினைத்துக்கொள்ளுங்கள். காரைதீவில் பிறந்த மயில்வாகனனார் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர்; 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி; மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர். 1922இல் எல்லாவற்றையும் வைத்துவிட்டு மயிலாப்பூர் மடத்துக்குப் போனார். 1924இல் துறவு பூண்டார்; மயில்வாகனம் என்ற பெயரையும் வைத்துவிட்டார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதற் தமிழ்ப் பேராசிரியர். சில ஆண்டுகளில் அந்தப் பதவியையும் விட்டு வந்தார். பட்டத்தை விட்டவர் உழைப்பை விடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆண்டுக் கணக்காக உழைத்த யாழ்நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஜூலை 19ஆந் தேதி கொழும்பில் அவர் சமாதியடைந்தார்.

நாயனாரிடம் திரும்பி வருவோம். திங்களூரிலே அப்பூதியடிகள், தாம் கண்ணாலும் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரைத் தம் பிள்ளைகளுக்கும், தண்ணீர்ப்பந்தலுக்கும், சாலைக்கும், குளத்துக்கும் வைத்திருந்தார். அவ்வழியே வந்த நாயனார் பந்தலைக் கண்டு, அப்பூதியடிகளின் வீட்டுக்குச் சென்று, "உம்முடைய பெயரை வைக்காமல் வேறொருவர் பெயரை வைத்தது ஏன்?" என்று கேட்டார். அப்பூதியடிகளுக்குச் சினம் வந்துவிட்டது. "அந்தப் பெருமானை வேறொருவர் என்கிறீரே, நீர் யார்?" என்று கேட்டார். ஊரெல்லாம் தம் பெயர் எழுதியிருக்கும்போது, "அந்தத் திருநாவுக்கரசர் நானே" என்று சொல்ல எவருக்குத்தான் ஆசை வராது? அவர் சொன்ன பதில் என்ன? வேறு நெறியிலிருந்து கரையேறும்படி, சூலையைத் தந்து ஆட்கொள்ளப்பட்டுப் பிழைத்த சிறியேன் நான் என்றார்! தருமசேனர் என்று சொல்லவில்லை. நாவுக்கரசு என்றும் சொல்லவில்லை. தம் நோயைத் தம் முகவரியாகச் சொன்னார். அதைக் கேட்டவுடனே அப்பூதியடிகள் ஆளைக் கண்டுகொண்டார்.

திருப்புகலூரிலே அவர் புல் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தனவாம். பருக்கைக் கற்களோடு சேர்த்து உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தாராம். கோயில்களில் அவர் திருவுருவத்தைப் பாருங்கள். தோளிலே அந்த உழவாரந்தான் சாய்ந்திருக்கும். 'அப்பர்' என்ற பெயரும் அவர் தேடியதன்று. சீகாழியிலே ஒரு சிறு பிள்ளை அன்போடு கூப்பிட்டது. அதே சம்பந்தப் பிள்ளையார் பின்னொருநாள் திருப்பூந்துருத்திக்குச் சிவிகையில் வந்துகொண்டே, "அப்பர் எங்கே?" என்று கேட்டார். "இங்கே, உம்முடைய சிவிகையைத் தாங்கும் பேறு பெற்று வந்துகொண்டிருக்கிறேன்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அந்த வயதிலே தள்ளாடும் தோளில் ஒரு சிறுவனின் சிவிகை! பிள்ளையார் பதறிக் கீழே இறங்கினார். பெரியவர்களாகிய நாம், பிள்ளைகள் நம்மைத் தாங்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர்கள் சிவிகைக்கு ஒரு தோள் கொடுத்தோமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. என் மகனுடைய பெறுபேற்றுத் தாளைப் பற்றி முன்பு சொன்னேனே. சென்ற ஆண்டு அவனிடம் தொலைபேசியில் கேட்டேன், அன்று உனக்கு எத்தனை புள்ளி என்று. அவனுக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு பாடமாகச் சொன்னான். நான் குறுக்கே பேசாமல் கேட்டேன்.

இரண்டாவதாக ஓடி வந்த நண்பர் இப்போது தொரன்ரோவில் இருக்கிறார். அவரையும் தேடிப் பிடித்து, உன் காலடியோசையால்தான் நான் ஓடினேன் என்றேன். "அட, நான் அந்த ஓட்டத்தை எப்போதோ மறந்துவிட்டேன், முழங்கால் எப்படி இருக்கிறது?" என்றார்.

செயலாளர் தம்பி அன்று பேனாவோடு காத்திருந்தார் என்றேன் அல்லவா? "பெயர் மட்டும் போதும், தம்பி" என்றேன். நீங்கள் கையில் வைத்திருக்கும் அறிவித்தலில் என் பெயருக்குக் கீழே வெறுமையாக இருப்பது அச்சகத்தாரின் பிழையன்று.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, சங்கத்து இளைஞர்கள் கோயில் வெளிவீதியில் உழவாரப்பணி செய்கிறார்கள் என்று அதே அறிவித்தலின் அடியில் போட்டிருக்கிறது. நானும் வருகிறேன். குனிந்து கூட்ட முடியாது; ஒரு பலகை போட்டுத் தந்தால் உட்கார்ந்துகொண்டு, கை எட்டிய தூரத்துக்குப் புல் பிடுங்குவேன். பெரியவர்கள் வருவதானால் ஒரு போத்தல் தண்ணீரும், வெயிலுக்குத் தலைக்கு ஒரு துணியும் கொண்டு வாருங்கள்.